உயிலைத் தேடிய சிறுமி, உரிமையை எழுதிக்கொடுத்த பெண்

பதினொரு வயதில் நான்சி ட்ரூவைப் படித்தபோது எனக்கு வேண்டியிருந்தது அவளுடைய கார் மட்டும்தான். நீல நிறக் கார். அவளே ஓட்டுவாள். திருநெல்வேலியில் எங்கள் தெருமுனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. அண்ணனுக்குச் சைக்கிள் இருந்தது. எனக்கு அந்த லைப்ரரி வரை நடந்து போய்வர அனுமதி இருந்தது, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. யாரிடமும் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஒரு பெண்ணை அந்தப் புத்தகங்களில்தான் முதலில் பார்த்தேன். எங்கே போய்வந்தாய் என்று அவளுடைய அப்பா கேட்பார். அந்தக் கேள்வியில் கோபம் இருக்காது, கதை கேட்கும் ஆவல் இருக்கும். துப்பறிந்த விஷயம் எதுவும் பிறகு எனக்கு நினைவில் இல்லை. அந்தக் கேள்வியின் தொனி மட்டும் நினைவிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாணவிகளோடு சிறார் இலக்கியம் பற்றிப் பேசுவதற்காக முதல் நாவலான 'பழைய கடிகாரத்தின் இரகசியம்' நூலை மறுபடி எடுத்தேன். இந்த முறை கார் கண்ணில் படவில்லை. பத்திரங்கள்தான் பட்டன.

1930இல் வெளிவந்த அந்த நாவலில் கொலை கிடையாது. ஜோசையா க்ரவ்லி என்ற முதியவர் இறந்துவிடுகிறார். கடைசிக் காலத்தில் அவரை வீட்டில் வைத்திருந்த பணக்கார டாப்ஹம் குடும்பத்துக்கே சொத்தெல்லாம் என்று ஓர் உயில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் இன்னோர் உயில் எழுதியதாகப் பேச்சு. அது கிடைத்தால் பங்கு பெறக்கூடியவர்கள் பலரும் பெண்கள். தையலிலும் கோழி வளர்ப்பிலும் காலம் தள்ளும் பெற்றோரற்ற இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். கீழே விழுந்து அடிபட்டுத் தனியாகக் கிடக்கும் அபிகெய்ல் என்ற முதியவள் இருக்கிறாள். வழக்கைத் திருப்புவது அந்த முதியவளின் தடுமாறும் நினைவுதான். க்ரவ்லி ஒரு கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொன்னாரே என்று அவள் தேடித்தேடி நினைவுகூர்கிறாள். நான்சி அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறாள். வயதான ஏழைப் பெண் ஒருத்தியின் அரைகுறைப் பேச்சைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் காது அவளுக்கு இருக்கிறது. நான்சியின் துணிச்சலைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. இந்தக் காதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளாக இருந்த சாண்ட்ரா டே ஓ'கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், இப்போதும் இருக்கும் சோனியா சோட்டோமயோர் மூவருமே சிறுவயதில் நான்சி ட்ரூவைப் படித்ததைச் சொல்லியிருக்கிறார்கள். ஆச்சரியமில்லை. யாருடைய பெயர் பத்திரத்தில் விடுபட்டிருக்கிறது என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கும் கதைகள் இவை. அந்தக் கேள்வியை இந்த நூல்களை நோக்கியே திருப்பினால் என்ன கிடைக்கும்?

அட்டையில் கரோலின் கீன் என்று போட்டிருக்கிறது. அப்படி ஒருவர் இல்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்பவர் சிறுவர் தொடர்களைத் தொழிற்சாலை முறையில் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார். கதைச்சுருக்கத்தை அவர் கொடுப்பார். கூலிக்கு எழுதுபவர்கள் அதை நாவலாக்குவார்கள். புனைபெயர் நிறுவனத்துக்குச் சொந்தம். நான்சி ட்ரூவை எழுத அவர் அமர்த்திக்கொண்டவர் மில்ட்ரெட் வர்ட். 1927இல் அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுகலைப் பட்டம் பெற்ற இளம்பெண். தொடக்கத்தில் ஒரு நூலுக்கு 125 டாலர். ராயல்டி கிடையாது. பணத்தை வாங்கும்போதே எழுத்தின் மீதான எல்லா உரிமைகளையும் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். தான்தான் எழுதினேன் என்று வெளியில் சொல்லவும் கூடாது. முதல் முப்பது நூல்களில் 23 அவர் எழுதியவை. பொருளாதாரப் பெருமந்தத்தில் ஊதியத்தை 75 டாலராகக் குறைத்தபோது அவர் மறுத்துவிட்டார்; மூன்று நூல்களை வால்டர் கரிக் என்பவர் எழுதினார். பிறகு மில்ட்ரெட் திரும்பி வந்தார். கைக்குழந்தை வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும், கணவர் நோயில் விழுந்த ஆண்டுகளிலும் எழுதினார். தொலைந்துபோன உயில்களைக் கண்டுபிடித்து உரியவரிடம் சேர்க்கும் பெண்ணை, தன் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்ட ஒரு பெண் நூல் நூலாக எழுதிக்கொண்டிருந்தார்.

இதை ஆண் முதலாளி, பெண் உழைப்பாளி என்று எளிதாக முடித்துவிட முடியாது. முதல் நூல்கள் வெளிவந்த இரண்டே வாரங்களுக்குள், 1930 மே மாதத்தில், ஸ்ட்ராட்டமேயர் இறந்துபோனார். நிறுவனம் மகள்களுக்கு வந்தது. மூத்தவர் ஹேரியட் ஆடம்ஸ் வெல்லஸ்லி கல்லூரியில் படித்தவர். படிப்பை முடித்த மகள் வெளியே வேலைக்குப் போவதை அவருடைய தந்தை விரும்பவில்லை. தந்தை இறந்த பிறகுதான் ஹேரியட்டுக்குத் தொழில் கிடைத்தது. குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, மந்தக் காலத்தில், தங்கை எட்னாவோடு சேர்ந்து அதைக் காப்பாற்றினார். ஐம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். அதுவும் ஒரு பெண்ணின் சாதனைதான். ஆனால் கரோலின் கீன் நான்தான் என்று ஊருக்குச் சொன்னவரும் அவரே.

ஒருத்திக்கு உயில் கிடைத்தது. இன்னொருத்திக்குக் கூலி கிடைத்தது. இருவரும் நான்சியைத் தன் மகளாகவே நினைத்தார்கள். மில்ட்ரெட்டின் நான்சி துடுக்கானவள். ஹேரியட்டுக்கு அடக்கமும் நாகரிகமும் உள்ள நான்சி வேண்டியிருந்தது. பெண்ணியம் பேசும் நாம் இந்த இருவரில் யார் பக்கம் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். சொத்து இருக்கும் பெண்ணும் உழைப்பை விற்கும் பெண்ணும் ஒரே பாத்திரத்தின் மீது கை வைக்கும்போது, 'பெண் எழுத்து' என்ற ஒற்றைச் சொல் எதையும் விளக்குவதில்லை. யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

கதைக்குள்ளும் இதே கணக்கு ஓடுகிறது. நான்சி இஷ்டம்போல வெளியே போவதற்கு என்னென்ன ஏற்பாடுகள் தேவைப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அம்மா இறந்துவிட்டாள். பள்ளிக்கூடம் கண்ணில் படுவதில்லை. அப்பா வசதியான வழக்கறிஞர். வீட்டில் ஹானா க்ரூயன் என்ற பணிப்பெண் சமைத்து, துலக்கி, சாப்பாட்டைச் சூடாக வைத்துக் காத்திருக்கிறாள். மூல நூலில் நான்சிக்குப் பத்து வயதாகும்போது தாய் இறந்ததாக வருகிறது. பின்னால் திருத்தியபோது அதை மூன்று வயது என்று மாற்றினார்கள். ஹானாவும் வேலைக்காரி நிலையிலிருந்து தாய் போன்றவளாக உயர்த்தப்பட்டாள். பாசம் கூடியது, வேலை அப்படியே இருந்தது. அம்மா உயிரோடு இருந்தால் ஒரு மகளின் சாகசம் சாத்தியமில்லை என்று இக்கதைகள் சொல்லாமல் சொல்கின்றன. பதினொரு வயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். விளக்கு வைப்பதற்குள் வா என்று சொன்னவள் என் அம்மாதான். அப்படிச் சொல்ல அவளை நிறுத்தியிருந்தது எது என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இன்னொரு பெயரும் விடுபட்டிருக்கிறது. முதல் நாவலில் டாப்ஹம் குடும்பத்தின் ஏரிக்கரை வீட்டைக் காவல்காப்பவர் ஜெஃப் டக்கர், கறுப்பினத்தவர். 1930 பதிப்பு அவரைக் குடிகாரராக, கொச்சை பேசும் கோமாளியாகக் காட்டுகிறது. அபிகெய்லின் பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்ட நான்சியின் காது இவரிடம் மூடிக்கொள்கிறது. பதினாறு வயது வெள்ளைப் பெண் வயதில் மூத்த கறுப்பினத்தவரை அதட்டுகிறாள். பிரதி அதை அவளுடைய ஆளுமையாகக் கொண்டாடுகிறது. அவளுடைய துணிச்சலில் ஒரு பகுதி அவளுடைய தோலின் அதிகாரம்.

1959 முதல் ஹேரியட்டின் மேற்பார்வையில் பழைய நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. இருபத்தைந்து அத்தியாயங்கள் இருபதாகச் சுருங்கின. நான்சிக்குப் பதினெட்டு வயதானது. இனவெறிச் சித்திரிப்புகளை எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்பதுதான் விஷயம். திருத்திய நூலிலும் ஜெஃப் டக்கர் இருக்கிறார், வெள்ளையராக. மரியாதையோடு பேசும் ஒரு கறுப்பினக் காவலாளியை எழுதியிருக்கலாம். அதை விட்டு, அவரைக் கதையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அநீதி இழைத்த இடத்தில் அநீதிக்கு ஆளானவரின் பெயரை அடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற எண்ணம் அது. மில்ட்ரெட்டுக்கு நடந்ததும் இதற்கு அந்நியமானதல்ல.

மில்ட்ரெட் பெயர் வெளிவந்தது, பொருத்தமாக, ஒரு பத்திர வழக்கில்தான். 1980இல் இரண்டு பதிப்பகங்கள் தொடரின் உரிமைக்காக நியூயார்க் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட மில்ட்ரெட், நான்தான் எழுதினேன் என்று அங்கே பதிவு செய்தார். முதல் நூல் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1993இல் அவர் படித்த அயோவா பல்கலைக்கழகமே நான்சி ட்ரூவுக்காக ஒரு கருத்தரங்கு நடத்தி அவரைக் கொண்டாடியது. மற்றபடி அவர் டொலிடோ நகரத்தில் பத்திரிகையாளராக வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். 2002இல், 96 வயதில் இறந்தார்.

தமிழில் ஒரு சொல் இருக்கிறது. குடும்பச் சொத்தில் எனக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதித்தரும் ஆவணத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்குமாக 2005இலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. சட்டம் கொடுத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனையோ மகள்கள் விடுதலைப் பத்திரம் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம். நானும் கொடுத்தேன். அண்ணன் என்னை மிரட்டவில்லை. போகும் வழியில் காபி வாங்கிக் கொடுத்தான். உனக்குத்தான் வேலை இருக்கிறதே என்றான். அம்மா, பிறந்த வீட்டு வாசல் திறந்தே இருக்க வேண்டாமா என்றாள். இடது கைப் பெருவிரலில் மை வைத்தபோது, முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு, எதிலிருந்து யாருக்கு இந்த விடுதலை என்று கேட்கத் தோன்றவில்லை. மில்ட்ரெட்டின் ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்த அன்றுதான் தோன்றியது. அவரும் மிரட்டப்பட்டவர் அல்ல. 125 டாலர் அன்று நல்ல பணம்; அவர் அதை மனமுவந்துதான் வாங்கினார். சம்மதத்தோடு நடக்கும் இழப்பைப் பற்றிப் பேச நம்மிடம் மொழி குறைவாகத்தான் இருக்கிறது.

அதனால் இந்த நூல்களைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது. போன கோடையில் அவளுக்கு முதல் நாவலை வாங்கிக் கொடுத்தேன், 1930 மூலத்தின் மறுபதிப்பையும் திருத்திய பதிப்பையும் சேர்த்து. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடி என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனில் கேட்டாள்: "அத்தை, அந்த வாட்ச்மேன் தாத்தா ரெண்டாவது புக்ல ஏன் வேற ஆளா இருக்கார்?" அவளுக்கு உண்மையைச் சொன்னேன். அடுத்து அவள் அட்டையைப் பார்த்து, யார் அத்தை இந்த கரோலின் கீன் என்று கேட்டாள். அதற்கும் சொன்னேன். பத்திரத்தைப் பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்கும்போது சொல்வேன்.