இஞ்சி கொஞ்சம் தூக்கல்

தைபேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீனின் செதில் உரிகிறது, கத்தி பலகையில் படபடக்கிறது, எண்ணெய் பொரிகிறது, மூங்கில் தட்டிலிருந்து ஆவி எழுகிறது. ஆங் லீயின் 'ஈட் டிரிங்க் மேன் வுமன்' (1994) இப்படித்தான் தொடங்குகிறது. ஒளிப்பதிவாளர் ஜோங் லின் அடுப்பை ஒட்டியே நிற்கிறார். எடிட்டர் டிம் ஸ்க்வயர்ஸ் ஒரு கைவேலை ஆறுவதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறார். பேச்சு அதிகம் இல்லை. மனைவியை இழந்த சமையல் மேதை சூ, தன் மூன்று மகள்களுக்காக விருந்து சமைக்கிறார்.

பதார்த்தங்கள் மேசைக்கு வந்ததும் அந்தத் துள்ளல் அடங்கிவிடுகிறது. மேசை நிறையச் சாப்பாடு இருக்கிறது, சாப்பிடத்தான் யாருக்கும் மனமில்லை. நடுமகள் ஜியா-சியென் சூப்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் குறை சொல்கிறாள். அப்பாவுக்கு நாக்கு செத்துப்போனது அங்கேதான் நமக்குத் தெரிகிறது. உணவு குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் என்று சொல்லும் படங்கள் ஏராளம். இந்தப் படத்திலோ ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் "ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்குகிறார், வீட்டில் ஒரு தலை குறைகிறது. கடைசியில் அப்பாவும் அப்படி ஒரு குண்டைப் போடுகிறார்.

சூவாக வரும் சிஹுங் லுங்கின் நடிப்பை நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது அதில் மறைந்திருக்கும் பாசத்துக்காகத்தான். ஆங் லீயின் முதல் மூன்று படங்களிலும் அப்பா அவரே. பாசத்தை அவர் வாயால் சொல்வதே இல்லை. அடுப்படியில் துடிப்பாக இருக்கும் உடம்பு, மேசையில் உட்கார்ந்ததும் இறுகிப்போகிறது. அதே மனிதர் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு டிபன் பாக்ஸில் ஒரு விருந்தையே அடைத்துக் கொடுக்கும்போது முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியை அவர் மகள்களிடம் காட்டியதில்லை. இதை எந்த வசனமும் சொல்வதில்லை, நாமே இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

ஜியா-சியென் சிறுவயதில் அப்பாவின் அடுப்படியிலேயே வளர்ந்தவள். படித்து முன்னேறட்டும் என்று அவளை அங்கிருந்து வெளியேற்றியவரும் அப்பாதான். வூ சியென்-லியென் அந்தக் கோபத்தை விறைப்பான தோள்களில் சுமந்து நடிக்கிறார்.

கடைசி ஞாயிறு அவள் சமைக்கிறாள். வருவது அப்பா மட்டும். முதல் விருந்தின் ஆரவாரம் எதுவும் இல்லை. இரண்டு பேர், ஒரு கிண்ணம் சூப். அவர் குடித்துப் பார்க்கிறார். இஞ்சி தூக்கலாக இருக்கிறது என்கிறார். அவள் விடுவாளா? அப்பாவும் மகளும் வாதாடத் தொடங்குகிறார்கள். பாதிப் பேச்சில் லுங் நின்றுவிடுகிறார். இஞ்சி அதிகம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வி முதலில் அவர் கண்ணில் எழுகிறது, பிறகுதான் நமக்கு உறைக்கிறது. ஆங் லீ அவசரப்படாமல் அந்த முகத்துக்கு நேரம் தருகிறார். படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுதான். புகழ்ந்திருந்தால் அது வெறும் உபசாரமாகப் போயிருக்கும். குறை சொன்னதால்தான் நாக்கு உயிர்த்தது தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் கேட்கிறார். கிண்ணத்தை நீட்டிய கை மகளின் கையைப் பற்றிக்கொள்கிறது. "மகளே" என்கிறார். "அப்பா" என்கிறாள்.