விடிய விடிய ஸ்லோவில் ஓடும் இன்ஜின்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்க வாய்க்கும் நாட்கள் இவைதான். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டிய இன்ஜினை முதன்முதலாக ஓட்டுவதற்கென்று ஊறிப்போன ஒரு வழக்கம் இருக்கிறது. சூடம் காட்டி, செல்ஃப் அடித்து, பிடித்துக்கொண்டதும் ஸ்லோவில் மணிக்கணக்காக, சிலர் விடிய விடிய, ஓடவிடுவார்கள். கடன் வாங்கிச் செய்த வேலை வீணாகிவிடக் கூடாதே என்ற பதைப்பு அதில் தெரிகிறது. அந்தப் பதைப்பை மதிக்கிறேன். ஆனால் அது தவறான இடத்தில் செலவாகிறது என்பதே என் கருத்து.

வழக்கத்துக்குச் சாதகமாகச் சொல்ல நிறையவே உண்டு. ஸ்லோவில் ஓடும்போது ஆயில் கசிவும் தண்ணீர்க் கசிவும் கண்ணில் படும். தட்டும் ஓசை ஏதாவது எழுந்தால் மெக்கானிக் காதில் விழும். தடைக்காலத்தில் கடலுக்குப் போய் லோடு கொடுக்கவும் முடியாது. இவற்றில் முதல் இரண்டுக்கும் பத்து நிமிடம் தாராளம். அதற்கு மேல் ஓட்டுவதற்குச் சொல்லப்படும் ஒரே காரணம், புது உறுப்புகள் மெல்லப் பழகட்டும் என்பது. டீசல் இன்ஜினில் அந்தக் காரணம் நிற்காது.

ரிங்கை லைனர் சுவரோடு அழுத்துவது ரிங்கின் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. பெரும்பங்கு அழுத்தம் அதிலிருந்துதான் வருகிறது. லோடு இல்லாத ஸ்லோவில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. லைனர் சுவரில் கீறிவிட்ட ஹோனிங் கோடுகளின் கூர்முனைகள் தேய்ந்து ரிங் உட்கார வேண்டிய நேரத்தில், மேலேறிய ஆயில் அரைகுறையாக எரிந்து அந்தக் கோடுகளை அடைத்து, சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கிவிடும். முழுதாக எரியாத டீசல் வழிந்து ஆயிலையும் நீர்க்கச் செய்யும். பிறகு நீலப்புகையும் ஆயில் குடிப்பும் சீசன் முழுக்கத் தொடரும். சுவர் ஒருமுறை நன்றாக வழவழத்துவிட்டால், பெரும்பாலும் மறுபடி பிரித்து ஹோனிங் செய்துதான் ஆக வேண்டும்.

நிதானம் உண்மையில் தேவைப்படுவது ஸ்டார்ட்டுக்கு முன்பு. பூட்டி முடித்த இன்ஜினின் ஆயில் பாதைகள் வெறுமையாக இருக்கும். பம்பின் பற்கள் காய்ந்திருந்தால் ஆயிலை உறிஞ்சவே திணறும். பூட்டும்போதே பேரிங்கில் ஆயில் தடவினோமே, போதாதா என்று கேட்கலாம். இன்று பூட்டி இன்றே ஓட்டினால் அந்த வாதத்துக்கு ஓரளவு வலு உண்டு. மே தொடக்கத்தில் பூட்டி ஜூனில் ஓட்டும் இன்ஜினுக்கு இல்லை. தடவியதில் பெரும்பகுதி அதற்குள் வழிந்து இறங்கியிருக்கும். ஆகவே பம்பைப் பூட்டும்போதே வாஸ்லின் அடைத்து வைப்பது நல்லது. நிமிர்ந்து நிற்கும் ஃபில்டரில் ஆயில் நிரப்பிப் பூட்ட வேண்டும். டர்போ இருந்தால் அதன் ஆயில் குழாயிலும் ஊற்ற வேண்டும். பிறகு டீசல் போகாதபடி ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வினாடி செல்ஃப் அடித்து, மோட்டார் ஆற ஓரிரு நிமிடம் விட்டு, ஆயில் பிரஷர் கேஜ் முள் எழும்வரை திரும்பச் செய்ய வேண்டும். வெளியிலிருந்து ஒரு பிரஷர் டேங்க் மூலம் ஆயிலைச் செலுத்த முடிந்தால் அது இன்னும் மேல், ஏனென்றால் கிராங்க் சுழலும் முன்பே பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிடும். பாதைகள் நிறைந்தபின் சம்பில் குறைந்த அளவை ஈடுகட்ட மறக்கக் கூடாது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எக்ஸாஸ்ட்டோடு கடல்நீர் கலந்து வெளியேறும் படகில், இன்ஜின் பிடிக்காமலே செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால், இறைக்கப்பட்ட நீர் எக்ஸாஸ்ட்டில் தேங்கி சிலிண்டருக்கே திரும்பலாம். அத்தகைய படகில் கடல்நீர் வால்வை மூடிவைத்து, டீசலைத் திறக்கும் முன் மறக்காமல் திறக்க வேண்டும்; இல்லையென்றால் கடல்நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கிழியும்.

டீசல் லைனில் ஏர் எடுத்தபின் ஸ்டார்ட். பதினைந்து வினாடிக்குள் ஆயில் பிரஷர் காட்டவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும், காரணம் பிறகு தேடலாம். இன்ஜெக்ஷன் பம்ப் சிக்கி ரேஸ் கட்டுக்கடங்காமல் ஏறினால் காற்று வாயை அடைக்க ஒரு பலகை பக்கத்திலேயே இருக்கட்டும். கையால் அடைக்க நினைக்கவே கூடாது.

கடலுக்குப் போக முடியாதே என்ற தடையைத்தான் நான் கடைசிவரை யோசித்தேன். துறைமுகத்திலேயே வழி இருக்கிறது. படகு தண்ணீரில் இறங்கியபின் முதலில் கப்ளிங் நேராக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கரையில் நேராக இருந்தது நீரில் அப்படியே இருக்காது, மரப்படகில் சொல்லவே வேண்டாம். பிறகு இன்ஜின் சூடேறியதும், படகைத் தடித்த கயிறுகளால் கட்டிப்போட்டு, கியர் போட்டு, படிப்படியாக லோடு ஏற்றலாம். நின்ற படகில் புரொப்பெல்லருக்குச் சுமை அதிகம். வழக்கமான முழு வேகம் வராது. கரும்புகை தள்ளினால் ரேஸைக் குறைக்க வேண்டும். ஆழம் குறைந்த இடமானால் சேறும் மணலும் கடல்நீர்ப் பம்புக்குள் ஏறிவிடும், அங்கே இதைச் செய்யாமல் தடை முடிந்த முதல் பயணத்தின் தொடக்க மணிநேரங்களையே இதற்கு ஒதுக்கலாம். அதுவரை இன்ஜின் சும்மா நிற்பது, ஓரிரவு முழுக்க ஸ்லோவில் ஓடுவதைவிட அதற்கு நல்லது.