ஒப்பமில்லாக் கையெழுத்து

பிரெஞ்சு நகரங்களின் கடைத்தெருக்களில் திரிந்தவர்கள் மிஸ்ட்ரால் எழுத்துருவை அதன் பெயர் அறியாமலே கண்டிருப்பர். சலூன், பூக்கடை, சிறு உணவகம் ஆகியவற்றின் முகப்புகளில், யாரோ தூரிகையால் அவசரமாக எழுதிவிட்டுப் போனது போன்றிருக்கும் எழுத்து அது. ரோஜே எக்ஸ்கோஃபோன் தனது கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்க, மார்செய் நகரின் ஒலிவ் வார்ப்பகம் 1953இல் அதனை வெளியிட்டது. ஈய அச்சுகள் தனித்தனியானவை. ஓர் எழுத்தின் இறுதிக் கோடு அடுத்த எழுத்தின் தொடக்கத்தைச் சரியாகத் தொட்டால்தான் கை ஓடியது போலத் தோன்றும். இந்த 'அலட்சியம்' மிகக் கவனமாகக் கணக்கிடப்பட்ட ஒன்று.

இரண்டு மூன்று சொற்களுக்கு மிஸ்ட்ரால் அழகு. கடைக்காரரே வாசலில் நின்று வரவேற்பது போன்ற நெருக்கத்தைத் தருகிறது. பத்தி முழுவதும் கோத்தால் கண் களைக்கும். பெரிய எழுத்துகளில் மட்டும் கோத்தால் ஓட்டம் அறுந்துவிடும். அதன் ஆதாரப் பொய்யோ வேறொன்று: மனிதக் கை ஒரே எழுத்தை இருமுறை ஒரேமாதிரி எழுதுவதில்லை, அச்சு எழுதும். இன்றைய கணினி எழுத்துருக்கள் சில மாற்று வடிவங்களைத் தாமாகவே மாற்றியிட்டு இந்தத் தடயத்தையும் மறைத்துவிடுகின்றன.

இந்தப் பொய் கடைப்பலகையில் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழில் தமிழ்த் தூரிகை எழுத்துரு வருவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒருமுறை என் தபாற்பெட்டியில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. எம்மிடையே மாற்றுக்கருத்துச் சொன்ன ஒருவரைத் துரோகி என்றது. சுவரில் கொதித்தெழுந்து எழுதியது போன்ற தூரிகை எழுத்து. கீழே பெயர் இல்லை. 'துரோகி' என்ற சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது. மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றே. அந்தக் கோபம் எழுத்துருப் பட்டியலில் இருந்து தெரிவு செய்யப்பட்ட கோபம்.

தமிழில் கையெழுத்து என்ற ஒரே சொல் எழுதும் விதத்தையும் ஒப்பத்தையும் குறிக்கிறது. இது தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை. சுவரில் எழுதுபவன் பிடிபடும் அபாயத்தை ஏற்கிறான். எண்பதுகளில் கையால் எழுதிப் படியெடுத்து வந்த எமது புகலிடச் சிற்றேடுகளில், எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். வாதாட வேண்டுமெனில் அவரது வீட்டுக் கதவைத் தட்டலாம். தூரிகை எழுத்துருவோ கையின் சூட்டை மட்டும் கடன் வாங்கி, கைக்குரியவரை மறைத்துவிடுகிறது. 'மக்களின் கோபம்' என்ற தோற்றத்தை எவரும் பொறுப்பேற்காமலே உற்பத்தி செய்ய அது வசதியானது.

குற்றம் எழுத்துருவினது அல்ல. கடைக்குப் பெயர் வைப்பவர் தூரிகையைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். இன்னொரு மனிதர்மீது குற்றஞ்சாட்டுபவர் அதைச் சாதாரண எழுத்தில் அச்சிட்டு, அடியில் தனது பெயரை எழுதட்டும். அதுவே எனக்குக் கையெழுத்து.