‘கிரேடு 20’ என்றால் என்ன? பனாமா தொப்பியின் பின்னலும் ஊரும்

பனாமா தொப்பி பனாமாவுடையது அல்ல, ஈக்வடாருடையது. இணையத்தில் எல்லோரும் சொல்லும் தகவல்தான் இது. 1848-ல் தொடங்கிய கலிஃபோர்னியா தங்க வேட்டைக்குப் பனாமா வழியாகப் போனவர்கள் அங்கே வாங்கினார்கள். 1906-ல் ரூஸ்வெல்ட் கால்வாய் வேலையைப் பார்க்கப் போனபோது எடுத்த படங்கள் அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பின. வாங்கிய இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, பின்னிய ஊரின் பெயர் போனது. என் புகார் என்னவென்றால், இந்தக் கதையை உருக்கமாகச் சொல்லும் விற்பனைப் பக்கங்களே அடுத்த வரியில் அதே வேலையைச் செய்கின்றன. “அசல் மான்டெகிரிஸ்டி, கிரேடு 20” என்று ஒரு ஊரும் ஒரு எண்ணும் போடுகிறார்கள். இரண்டையும் நாம் எப்படிச் சரிபார்ப்பது என்பது பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

முதலில் எண். பருத்தி நூலில் 80-ஆம் நம்பர் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு: 840 கெஜம் கொண்ட சிட்டம் 80 சேர்ந்தால் ஒரு பவுண்டு. கோயம்புத்தூரில் எடை போட்டாலும் மான்செஸ்டரில் போட்டாலும் ஒன்றுதான். தொப்பியின் கிரேடுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு கடையின் 20 இன்னொரு கடையின் 12 ஆக இருக்கலாம். எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் இல்லை.

ஆனா அளக்கவே முடியாதா என்றால், முடியும். ஜவுளிக்காரர்கள் இழை எண்ண வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் போதும். ஒரு அங்குலத்தில் குறுக்கே எத்தனை பின்னல், நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். 20-க்கு 20 என்றால் சதுர அங்குலத்துக்கு 400. 30-க்கு 30 என்றால் 900. எண்ணிக்கை ஒன்றரை மடங்கு ஏறினால் பின்னல் இரண்டே கால் மடங்கு ஏறிவிடுகிறது. விலை ஏன் அப்படித் தாவுகிறது என்பதும் இதில் கொஞ்சம் புரியும். நல்ல மான்டெகிரிஸ்டி ஒன்றைப் பின்னி முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

சிலர் வேறு வழி சொல்வார்கள்: தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உச்சியிலிருந்து பரவும் வளையங்களை எண்ணு என்று. உச்சியில் தொடங்கும் பின்னலை அகலப்படுத்தப் புது நார்களைச் சேர்க்கும் இடங்கள்தான் அந்த வளையங்கள். ஸ்பானிஷில் ‘வுவெல்டா’. பார்க்க அழகுதான். ஆனா வாங்குபவர் வளையத்தைத்தான் எண்ணுகிறார் என்று தெரிந்தால், கூட நாலு வளையம் போட்டுவிட்டுப் போக முடியும். அளவுகோலாக இதை நான் ஏற்கமாட்டேன்.

சதுர அங்குலக் கணக்கும் பாதிதான். மீதிப் பாதி, சீர். இதற்கு லென்ஸ் வேண்டாம், ஜன்னல் போதும். நார்களின் அகலம் ஒரே மாதிரி இருக்கிறதா, நிறம் திட்டுத்திட்டாக மாறுகிறதா, வரிசைகள் அலைகின்றனவா, ஓட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். டோக்கியா என்ற செடியின் விரியாத குருத்தைக் கீறி, வேகவைத்து, உலர்த்தி எடுப்பதுதான் நார். (பனை மாதிரி இருக்கும், பனை இல்லை. கார்லுடோவிக்கா என்ற அதன் தாவரவியல் பெயர் ஸ்பெயின் ராஜா கார்லோஸ், ராணி லூயிசா இருவரையும் சேர்த்து வைத்தது.) நாரை ஒரே அகலத்தில் கிழிக்காத கை எவ்வளவு நெருக்கிப் பின்னினாலும் தொப்பி சொறிசொறியாகத்தான் இருக்கும். 900 பின்னலில் அலையும் தொப்பியைவிட 500 பின்னலில் அமைதியாக இருக்கும் தொப்பியை நான் மேலே வைப்பேன். விற்பனைப் பக்கத்தில் இதைப் போட முடியாது, எண்ணாக மாறாதே!

சரி, ஊர்? இங்கேதான் சிக்கல். மான்டெகிரிஸ்டி கடலோர மனாபி மாகாணத்தில் இருக்கிறது. மிக நுணுக்கமான பின்னலுக்குப் பேர்போன பீலே கிராமமும் அந்தப் பக்கம்தான். குவெங்கா மலைநாட்டு நகரம், ஏற்றுமதியின் பெரும் மையம். குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால் அது ‘பிரிசா’ பின்னல், பெரும்பாலும் குவெங்கா பக்கம். ஆனா மீன்முள் மாதிரி வரி ஓடினால் மான்டெகிரிஸ்டி என்று முடிவு கட்டாதீங்க. அந்தப் பின்னல் குவெங்காவிலும் உண்டு. விளிம்பைப் பாருங்கள்: நல்ல வேலையில் நார்முனைகள் திரும்ப உள்ளேயே பின்னப்பட்டிருக்கும், தையல் இருக்காது. இதுவும் வேலையின் தரத்தைத்தான் சொல்லும், ஊரை அல்ல. உள்பட்டையில் இருக்கும் முத்திரை இன்னும் மோசம். பின்னிய தொப்பியை வாங்கி வேறு நாட்டில் அச்சில் வைத்து வடிவம் கொடுத்து, பட்டை கட்டி விற்கிறார்கள். முத்திரை கடைசிக் கையைச் சொல்கிறது, முதல் கையை அல்ல.

கண்ணால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: காகிதம். ‘ஷான்டுங் பனாமா’ என்று வருபவை பெரும்பாலும் முறுக்கிய காகித நூல். லென்ஸில் முறுக்கு தெரியும். டோக்கியா நாரில் முறுக்கு இருக்காது. மோதிரத்துக்குள் நுழையும், தண்ணீர் பிடித்தாலும் ஒழுகாது என்பதெல்லாம் கடைவித்தை, விட்டுத்தள்ளுங்க. உலர்ந்த நாரைச் சுருட்டினால் மடிப்பில் வெடிக்கும், அவ்வளவுதான்.

மான்டெகிரிஸ்டி என்ற பெயருக்கு நம் புவிசார் குறியீடு மாதிரி ஈக்வடாரில் பாதுகாப்பு இருக்கிறது. 2012-ல் டோக்கியா தொப்பிப் பின்னலை யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் குவெங்காவின் நல்ல தொப்பி மான்டெகிரிஸ்டி என்று விற்கப்படும்போது இரண்டு பேர் தோற்கிறார்கள். மனாபியில் மரக்கட்டை மேல் நெஞ்சைச் சாய்த்துக் குனிந்து மாதக்கணக்கில் பின்னியவருக்கு விலை கிடைக்காது. குவெங்கா பக்கத்துப் பெண்ணின் நல்ல வேலை அவள் ஊர்ப் பெயரில் ஒருபோதும் வெளியே வராது. ஒரு பெயருக்கு மதிப்பு ஏறினால் இன்னொரு ஊர் அதற்குள் காணாமல் போகிறது, பனாமாவுக்குள் ஈக்வடார் போன மாதிரி.

ஆகவே கடைக்காரரிடம் கிரேடு கேட்காதீர்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை என்று கேளுங்கள், ஸ்கேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். பின்னியவர் யார், எந்தக் கிராமம், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேளுங்கள். இதற்குப் பதில் வராவிட்டால் மான்டெகிரிஸ்டி என்ற சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். பின்னல் நன்றாக இருந்தால் அதற்கு மட்டும் விலை பேசி வாங்கிக்கொள்ளலாம்.