மெட்லியின் வெற்றியும் ஓப்பராவின் காத்திருப்பும்

ஷில்லாங் சேம்பர் கொயருக்கு 2010 அமைந்ததுபோல் ஓர் ஆண்டு இந்தியாவில் வேறெந்தச் சேர்ந்திசைக் குழுவுக்கும் அமைந்ததில்லை. ஜூலையில் சீனாவின் ஷாவ்சிங் நகரில் நடந்த உலகச் சேர்ந்திசைப் போட்டியில் புனித இசை, காஸ்பல், ஜனரஞ்சக இசை என மூன்று பிரிவுகளிலும் தங்கம். அக்டோபரில் கலர்ஸ் தொலைக்காட்சியின் ‘இந்தியாஸ் காட் டேலன்ட்’ இரண்டாம் பருவத்தின் முதல் பரிசு. நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஒபாமா தம்பதியர் முன்னிலையில் நிகழ்ச்சி. மேகாலயாவின் மலையூரில் பிறந்த ஒரு சிறு குழு ஆறே மாதத்தில் நாடறிந்த பெயராகிவிட்டது.

அந்த வெற்றியைக் கொண்டாடியவர்கள் பலர், எடைபோட்டவர்கள் குறைவு. ஷாவ்சிங் தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் போட்டியில் நடுவர்கள் தரும் மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் தங்கம், அதற்குக் கீழே வெள்ளி, வெண்கலம். ஒரே பிரிவில் பல குழுக்கள் தங்கம் வாங்கலாம். முதலிடம் பெறும் குழுவுக்குத் தனிப் பட்டம் உண்டு. ஒலிம்பிக் தங்கத்தைப் போல இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஆனால் மூன்று பிரிவுகளிலும் அந்த வரம்பைத் தாண்டியது சாதாரணக் காரியம் இல்லை. புனித இசைக்கு நடுக்கமில்லாத நேர்க்குரல் வேண்டும். காஸ்பலுக்கு நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரலும், தாளத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பாடும் துணிச்சலும் வேண்டும். ஒன்றில் பழகிய தொண்டை இன்னொன்றில் திணறும். மேடையில் ஏறக்குறைய இருபது பேர் மட்டுமே நிற்கும் குழு இரண்டிலும் தேறியது என்றால், அந்தப் பயிற்சியைத்தான் நாம் முதலில் மெச்ச வேண்டும்.

பயிற்சிக்கு மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் 1841இல் சிரபுஞ்சிக்கு வந்து அங்குள்ள காஸி மக்களின் மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் வேல்ஸ் தேவாலயங்களின் நான்கு குரல் பாட்டையும் கொண்டுவந்தார்கள். கூடவே டோனிக் சோல்ஃபா என்ற குறிப்பு முறையும் மலையேறியது. ஐந்து கோட்டுக் குறிப்பு இல்லாமல், டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளை வரிசையாக எழுதி, இடையில் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் தாளத்தைப் பிரிக்கும் எளிய முறை அது. பியானோ வாங்க வழியில்லாத ஊரிலும் ஒரு தாளில் நான்கு குரல்களையும் எழுதிக் கற்கலாம். திருநெல்வேலி, நாசரேத் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் எனப் பிரிந்து பாடி வளர்ந்தவர்களுக்கு இந்தச் சூழலைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் வேறொரு சுரம் பாடும்போது தன் சுரத்தில் நிற்கும் காது, அங்கே சிறு வயதிலேயே வந்துவிடுகிறது.

இந்த மண்ணுக்குத்தான் 2001இல் நீல் நோங்கின்ரி திரும்பி வந்தார். லண்டனில் இசை பயின்று, பியானோ கலைஞராகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் பிரிட்டனில் வாழ்ந்தவர். அங்கேயே கச்சேரி வாழ்க்கையைத் தொடர்ந்திருக்கலாம். ஊருக்கு வந்து, பதின்வயதினரையும் இருபதுகளில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தக் குழுவைத் தொடங்கினார். பாடகர்கள் பலர் அவருடைய வீட்டிலேயே தங்கினார்கள். அவரை ‘அங்கிள் நீல்’ என்று அழைத்தார்கள். நம் பழைய குருகுலத்துக்கு இதைவிட நெருக்கமான இன்னொன்றை இன்றைய இந்திய இசை உலகில் காண்பது அரிது.

ஒரே கூரையின் கீழ் வாழ்வது குரலை என்ன செய்யும்? வாரம் ஒருமுறை கூடும் குழுவில் ஒவ்வொருவரும் தன் உயிரெழுத்தைத் தன் வழக்கப்படிதான் உச்சரிப்பார். ஒருவரின் ‘ஆ’ அகலமாக இருக்கும், இன்னொருவரின் ‘ஆ’ சற்றே ‘ஓ’ பக்கம் சாயும். சுரம் சரியாக இருந்தும் ஒலி கலங்கும். சேர்ந்து உண்டு, பேசி, தினமும் பாடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தானாகத் தேய்கிறது. மூச்சு எடுக்கும் இடமும் ஒன்றாகிறது. ஷில்லாங் குழுவின் மெதுவான பாடல்களில் ஒரு சொற்றொடர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். யாரும் சைகை காட்டியதாகத் தெரியாது. எல்லாக் குரலும் ஒன்றாக அடங்கி ஒன்றாக எழும். பணத்தாலோ குறுகிய காலப் பயிலரங்குகளாலோ இந்த ஒருமை வராது.

இனி அவர்களைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன மெட்லிக்கு வருவோம். ஹேண்டல், பாக், பிரிட்டிஷ் ராக், இந்தித் திரைப்பாடல் ஆகியவற்றை ஒரே நிகழ்ச்சியில், சில நேரம் ஒரே பாட்டில் கோப்பதுதான் அவர்களுடைய துணிவு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது துணிவுதான். வடகிழக்கைச் சேர்ந்தவர்களைத் தில்லித் தெருக்களில் அந்நியராகப் பார்க்கும் நாட்டில், காஸி இளைஞர்கள் தொலைக்காட்சியில் நின்று எல்லோர் நாவிலும் இருக்கும் இந்திப் பாடலை நான்கு குரலில் திருப்பித் தந்தபோது நிகழ்ந்தது ஒரு பெரிய அறிமுகம். அதன் சமூக மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இசையாகப் பார்த்தால் கதை வேறு. இந்தித் திரைப்பாடல் அடிப்படையில் ஒற்றை மெட்டு. அதன் உயிர் சுரங்களில் மட்டும் இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இடைவெளியில் இருக்கிறது. நான்கு குரல் ஹார்மனியோ ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாமல் நிற்பதை நம்பி எழுந்த கலை. மேல்குரல் வழுக்கும்போது கீழே உள்ள மூன்று குரல்களும் நின்றால், அந்தக் கண நேரத்தில் ஒலி கரையும். எல்லாக் குரலையும் வழுக்கவிட்டால் இசையே சேறாகும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மெட்டைத் தனிக் குரலிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ‘ஊ’ என்று பின்னணியில் நிற்பது ஒன்று. ஒரு குரல் தொடங்கியதை அடுத்த குரல் பற்றி, மூன்றாவது குரல் மாற்றி, மெட்டையே பிரித்துப் பின்னுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யும் இடங்களில் ஷில்லாங் குழு அற்புதமாக இருக்கிறது. பழகிய பாட்டுக்குள் இத்தனை அறைகளா என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய மெட்லிகளில் அதிகம் கேட்பது முதல் வழியே. அப்போது குழு, பாடகருக்குப் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது. அத்தனை ஆண்டுக் கூட்டு வாழ்வில் திரண்ட ஒருமை அங்கே பின்திரையாகச் சுருங்குகிறது.

மெட்லியின் வடிவமும் இதற்குத் துணைபோகிறது. ஐந்து நிமிடத்தில் நான்கைந்து பாடல்கள் என்றால், ஒவ்வொன்றிலும் கேட்பவர் அடையாளம் காணும் வரி மட்டும் வரும், கைதட்டல் எழும், அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஒரு கருத்தை எடுத்து வளர்க்க, திருப்பிப் போட, முரண்படவிட அவகாசமே இல்லை. விழா மேடைகளின் ஒலிபெருக்கி ஏற்பாடு இன்னொரு சிக்கல். சேம்பர் குழு என்பதே சிறிய அறையில், இயல்பான குரலில், காற்றிலேயே கலந்து கேட்பதற்கான அமைப்பு. ஆளுக்கொரு மைக் வைத்தால் குரல்களைக் கலப்பவர் பாடகராக இருப்பதில்லை, ஒலிக்கலவை மேசையில் இருப்பவராகிவிடுகிறார்.

இதற்காகக் குழுவை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. சேர்ந்திசைக்கு ஏற்ற எதிரொலி கொண்ட அரங்குகள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணத் தக்கவை. ஆண்டு முழுதும் சம்பளம் கொடுத்து ஒரு குழுவை வைத்திருக்கும் நகராட்சியோ வானொலியோ நம்மிடம் இல்லை. அழைப்பு வருவது விருது விழாக்களிலிருந்தும், தனியார் நிகழ்ச்சிகளிலிருந்தும், கிறிஸ்துமஸ் காலத்திலும். அழைப்பவருக்கு வேண்டியது பதினைந்து நிமிடம், அதுவும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. மெட்லி அந்தச் சந்தையின் பிள்ளை.

இங்கே எம். பி. சீனிவாசன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்த்தபோது அவரும் இதே கேள்வியைத்தான் சந்தித்தார்: ஒற்றை மெட்டில் ஊறிய காதுகளுக்குப் பல குரல் இசையை எப்படித் தருவது? அவர் திரைப்பட இசையமைப்பாளர்; புகழ்பெற்ற பாட்டுகளைக் கோத்துக் கூட்டத்தைக் கவர்வது அவருக்கு எளிது. அவர் தேர்ந்தது வேறு வழி. பாரதியின் வரிகளுக்கும் பல இந்திய மொழிகளின் கவிதைகளுக்கும், பலர் சேர்ந்து பாடுவதற்கென்றே இசையமைத்தார். ஷில்லாங் குழுவின் குரல் நுணுக்கம் அவருடைய மாணவர்களிடம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டுக் குரலுக்காகவே பிறந்த பாட்டு என்ற விஷயத்தில் அவர் ஷில்லாங்கைவிட முன்னே சென்றுவிட்டார்.

நீல் நோங்கின்ரிக்கு இது தெரியாமல் இல்லை. காஸி நாட்டுக்கதையை ஒட்டி, காஸி மொழியிலேயே ‘சொஹ்லிங்ஙெம்’ என்ற ஓப்பராவை அவர் எழுதியது இதற்குச் சான்று. இந்தக் குழுவின் உண்மையான துணிவு இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். காஸி மலைகளில் தேவாலயத்துக்கும் பழைய மரபுக்கும் இடையே நெடிய விலகல் உண்டு. பழைய சமயத்தையும் பண்பாட்டையும் காக்கவென்றே 1899இல் செங் காஸி அமைப்பு உருவானது. தேவாலயம் தந்த நான்கு குரலில் பழங்கதையைப் பாடுவது அந்த விலகலின் நடுவிலேயே போய் நிற்பது.

இசைக்கும் அது கடினமான சோதனை. காஸி மொழியில் பல சொற்கள் தொண்டையில் சட்டென்று அடைபட்டு முடிகின்றன. மேற்கத்திய ஓப்பராவோ நீளும் உயிரொலியில் வாழ்வது. உயிரை நீட்டி, இருபது பேரும் ஒரே கணத்தில் அதை அடைக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் கேட்கும். இதுபோக, காஸிகளுக்கு ‘ஃபவார்’ என்ற சொந்தக் கூட்டுக் குரல் மரபும் இருக்கிறது. வில்வித்தைப் போட்டியிலும் விழாக்களிலும் ஒருவர் இயைபுள்ள ஈரடியைச் சொல்ல, கூட்டம் ‘ஹோய் கியூ’ என்று முழங்கும். அதில் ஹார்மனி இல்லை. தாளமும் ஆவேசமும் உண்டு. அந்த முழக்கத்தையும் வேல்ஸ் தேவாலயத்தின் அமைதியான நான்கு குரலையும் ஒரே படைப்பில் சந்திக்கவைப்பது, ஹேண்டலையும் இந்திப் பாடலையும் அடுத்தடுத்து வைப்பதைவிடப் பல மடங்கு கடினம். அதைச் செய்யக்கூடிய காதும் மொழியும் பயிற்சியும் ஒரே இடத்தில் இருப்பது ஷில்லாங்கில் மட்டும்தான். அப்படியிருந்தும் நாடு நினைவில் வைத்திருப்பது மெட்லியை. ஓப்பராவின் பெயரைக்கூட மேகாலயாவுக்கு வெளியே பெரும்பாலோர் அறியார்.

நீல் நோங்கின்ரிக்கு 2015இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 ஜனவரி 5 அன்று, 51ஆம் வயதில், மும்பையில் அவர் காலமானார். குருகுலத்தின் பலவீனம் அன்று கண்முன் வந்தது. பயிற்சியாளர், இசையமைப்பாளர், பாட்டுக்குக் குரல் பிரித்து எழுதுபவர், வீட்டுத் தலைவர், குழுவின் முகம் எல்லாம் ஒருவரே. குழு தொடர்ந்து பாடுகிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் பாடுவதை வாரிசாகப் பெறலாம்; புதிதாக எழுதுவதை அவ்வளவு எளிதாகப் பெற முடியாது.

பிலிப்பைன்ஸ் மட்ரிகல் சிங்கர்ஸ் குழுவை இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆண்ட்ரியா வெனராசியோன் 1963இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. எதிரே நடத்துநர் இல்லாமல், அரைவட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பாடுகிறவர்கள். அவர்களுக்கும் வலிமை நெருக்கம்தான். ஆனால் அந்த நெருக்கத்துக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் நின்றது. பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள். தம் நாட்டு இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். வெனராசியோன் உயிரோடு இருக்கும்போதே, 2001இல் மார்க் ஆண்டனி கார்பியோவிடம் பொறுப்பைக் கொடுத்தார். 1997இல் ஐரோப்பிய கிராண்ட் பிரி சேர்ந்திசைப் பரிசைக் குழு வென்றது நிறுவனர் தலைமையில். 2007இல் மறுபடி வென்றது வாரிசின் தலைமையில்.

மேகாலயாவிடம் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஊருக்கு ஊர் சோல்ஃபா படிக்கத் தெரிந்த பாடகர்கள் இருக்கிறார்கள். ‘சொஹ்லிங்ஙெம்’ ஐந்து கோட்டுக் குறிப்பிலும் சோல்ஃபாவிலும் அச்சாகி ஷில்லாங், ஜோவாய், சோஹ்ரா தேவாலயக் குழுக்களின் கைக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு காஸி இசையமைப்பாளர்களுக்காவது பணம் கொடுத்துப் புதிய சேர்ந்திசையை எழுதச் சொல்ல வேண்டும். ஷில்லாங் சேம்பர் கொயர் அவற்றை மைக் இல்லாத ஒரு சிறிய அரங்கில் முதலில் பாட வேண்டும். இந்திய அரசும் மாநில அரசும் பதக்கம் கொடுத்ததில் காட்டிய ஆர்வத்தில் ஒரு பங்கை இதற்குக் காட்டினால், மெட்லிக்கு வரும் அழைப்புகளில் சிலவற்றை மறுக்கும் சக்தி அந்தக் குழுவுக்குக் கிடைக்கும்.