முதல் வாசகர்

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில் நிகழ்ந்தது இது. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்த 15 வயது மாணவன் ஒருவன், தன் ஆங்கில வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தியிடம் இப்பள்ளியில் கவிதை மன்றம் உண்டா என்று வினவினான். பின்னர்த் தான் எழுதிய கவிதைகளை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். ‘இருண்ட கவிதை’ என்று அவற்றுக்குப் பெயரிட்டிருந்தான். வெளியே இனிய முகம் காட்டுபவன் உள்ளே இருண்டு கிடப்பதையும், பள்ளிக்குத் துப்பாக்கியோடு வரும் அடுத்த மாணவன் தானாகவும் இருக்கக்கூடும் என்பதையும் அக்கவிதைகளுள் ஒன்றில் பேசும் குரல் சொன்னது. அஞ்சிய மாணவி ஆசிரியருக்கு அறிவித்தாள், காவலர் வந்தனர். குற்றமுறு மிரட்டல் என வழக்குத் தொடரப்பட்டது. 100 நாள் சிறார் தடுப்பு இல்லம் என்று சிறார் நீதிமன்றம் ஆணையிட்டது.

அம்மாணவியின் அச்சத்தை எவரும் எள்ளி நகையாடலாகாது. பதினொரு நாள்களுக்கு முன்னர்தான் அதே மாநிலத்தின் சான்டி என்ற ஊர்ப் பள்ளியில் ஒரு மாணவன் சுட்டதில் இருவர் மாண்டிருந்தனர். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலையும் அந்நாட்டின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. எனினும் 2004 ஜூலையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ஒருமனதாக நீக்கியது. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஜே. எம். கூட்சி உள்ளிட்ட எழுத்தாளர்கள் மாணவனுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் கருத்துரை அளித்திருந்தனர். நீதிபதிகள் செய்தது ஒரு வகையில் இலக்கியத் திறனாய்வே. ‘கூடும்’ என்னும் சொல் ஒருவனது ஆற்றலைக் குறிக்குமேயன்றி அவனது தீர்மானத்தைக் குறிக்காது என்று அவர்கள் கவிதையைச் சொல் சொல்லாகப் படித்தனர்.

சங்கப் பாடல்களைப் பயின்ற நமக்கு இது புதியதன்று. பாடலின் கீழே ‘தலைவி கூற்று’ என்று கண்டவுடன், பாடியவர் கபிலரே ஆயினும் பேசுபவள் தலைவி என்று உணர்ந்து கொள்கிறோம். புலவர் வேறு, கூற்று வேறு. பள்ளி மாணவனின் கவிதைக்குக் கீழே அத்தகைய குறிப்பு எதுவும் இருப்பதில்லை. ‘நான்’ என்று எழுதினால் அது அவனே என்று கொள்ளப்படுகிறது. முதிர்ந்த எழுத்தாளருக்கு எண்ணாமலேயே நாம் வழங்கும் உரிமையைப் பதின்பருவத்தினருக்கு ஏனோ மறுத்துவிடுகிறோம்.

ஆனால் எழுத்துரிமை என்ற ஒரு சொல்லால் இச்சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பள்ளிகளில் நடந்த தாக்குதல்களை அமெரிக்க அரசின் இரகசியக் காவல் பிரிவும் கல்வித்துறையும் ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை தாக்குதல் நடத்திய 41 பேரில் 15 பேர் தம் கவிதை, கட்டுரை, நாட்குறிப்பு ஆகியவற்றில் வன்முறை மீதான நாட்டத்தை வெளிப்படுத்தியிருந்தனர். எஞ்சியோரிடம் அந்த அடையாளம் காணப்படவில்லை. இன்ன தோற்றமுடையவனே கொலைஞன் ஆவான் என்று வரையறுக்க இயலாது என்பதும் அறிக்கையின் முடிவு. எழுத்தைக் கண்டு அஞ்சுவதற்கும் அந்த அறிக்கையில் காரணம் உண்டு. எழுத்தை மட்டும் கொண்டு தீர்ப்பிடாதிருப்பதற்கும் உண்டு.

அப்படியாயின் ஆசிரியர் என்ன செய்வது? 1998-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிளெய்ன் என்ற ஊரில் எழுந்த வழக்கு இதற்கு ஓரளவு விடை தருகிறது. தன் வகுப்புத் தோழர் 28 பேரைக் கொன்றவனின் குரலில் ஒரு மாணவன் கவிதை எழுதி, கருத்துக் கேட்டுத் தன் ஆங்கில ஆசிரியையிடம் தானாகவே கொடுத்தான். பலரது கண்ணில் பட்டது அந்த 28 என்ற எண்ணிக்கை. கவிதையிலோ கொலையைவிடக் கொலைக்குப் பின் கழிவிரக்கத்தை உணர விழையும் ஏக்கமும் தன்மீதே கொண்ட அச்சமுமே மிகுதி. முன்னரே தற்கொலை எண்ணங்கள் அவனை அலைக்கழித்ததையும், வீட்டில் அமைதி இல்லாததையும் பள்ளி அறிந்திருந்தது. அவசர நடவடிக்கையாக அவனைப் பள்ளியிலிருந்து நீக்கினர். மனநல மருத்துவர் பரிசோதித்தபின் சில வாரங்களில் அவன் திரும்பினான். 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு பகுதிகளாகத் தீர்ப்பு வழங்கியது. அந்நேரத்து நிலைமையில் அவனை விலக்கி வைத்தது முறையே. ஆபத்து இல்லை எனத் தெளிந்த பின்னரும் அவனது பதிவேட்டில் கறையை நிலைநிறுத்துவது முறையன்று.

இத்தீர்ப்பின் இரண்டாம் பகுதி மிகுந்த சிந்தனைக்கு உரியது. காப்பதற்காக எடுக்கும் நடவடிக்கைக்கு ஒரு முடிவு உண்டு. தண்டிப்பதற்காக எடுத்ததோ மாணவனோடு வாழ்நாளெல்லாம் நடந்து வருகிறது. முதல் வகையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாம் வகையைச் செய்துவிடுவதே பள்ளிகளுக்கு நேரும் சோதனை.

இதற்கு எதிர்ப்புறத்தில் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது. 2007 ஏப்ரல் 16 அன்று அங்குப் பயின்ற மாணவன் ஒருவன் 32 பேரைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டான். அவன் வகுப்புக்காக எழுதிய இரு நாடகங்களும் பின்னர் வெளியாயின. அவற்றில் மாந்தர் ஒருவரையொருவர் வசைபாடுகின்றனரேயன்றி எவரும் எவருக்கும் செவிகொடுப்பதில்லை. நாடகமாக அவை வலுவற்றவை. ஆனால் வலுவற்ற நாடகம் எழுதுவோரெல்லாம் கொலைஞர் அல்லர். அங்கே ஆசிரியர்கள் படிக்கத் தவறினார்கள் என்றும் சொல்ல இயலாது. கவிஞர் நிக்கி ஜியோவானி 2005-இலேயே அவனைத் தம் வகுப்பில் வைத்திருக்க மறுத்தார். துறைத் தலைவர் லூசிண்டா ராய் அவனுக்குத் தனியே பாடம் சொல்லித் தந்ததோடு காவல் பிரிவுக்கும் ஆலோசனை மையத்துக்கும் தெரிவித்தார். புறநோயாளியாகச் சிகிச்சை பெறவேண்டும் என்று அவ்வாண்டு இறுதியில் ஆணையும் பிறந்தது. ஆயினும் எச்சிகிச்சையும் தொடரவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தான் அறிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்று 2007-இல் விசாரணைக் குழு வருந்தி எழுதியது.

மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. எழுத்துக்கு உரியது மறுமொழி. சான் ஹோசேயில் காவலர் மறுமொழி தந்தனர். பிளெய்னில் நீக்க ஆணை மறுமொழியாயிற்று. வர்ஜீனியாவில் இரு ஆசிரியர்கள் தந்த மறுமொழியை நிறுவனம் ஏந்திக்கொள்ளவில்லை. ‘இது வெறும் இலக்கியம்’ என்று கடந்து செல்பவரும் ‘இது வெறும் குற்றம்’ என்று முடிவு கட்டுபவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருவருமே படிப்பதில்லை.

இவ்விடத்தில் நம் செப நூலை நினைவுகூரலாம். பகைவரின் அழிவை வேண்டிக் கொதிக்கும் திருப்பாடல்கள் உண்டு. 137-ஆம் திருப்பாடலின் இறுதி அடிகள் பகைவரின் குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்புகழ்மாலை சீரமைக்கப்பட்டபோது 58, 83, 109 ஆகிய திருப்பாடல்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் விவிலியத்திலிருந்து அவற்றை எவரும் அகற்றவில்லை. எல்லாரும் கூடிச் சொல்லத்தக்கது எது என்று வரையறுப்பது வேறு. துயருற்றவன் கொதித்துச் சொன்னதை அழித்துவிடுவது வேறு. பள்ளிக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். கொடிய கவிதை ஒன்றைப் பள்ளி மலரில் அச்சிட மறுக்கலாம். வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். எழுதினான் என்பதற்காகவே தண்டிப்பது இவற்றினின்று முற்றிலும் வேறானது.

2002 அறிக்கை மற்றொன்றையும் சொல்கிறது. ஐந்தில் நான்கு பங்கு தாக்குதல்களில் மாணவனின் எண்ணத்தை வேறொருவரேனும் முன்னரே அறிந்திருந்தார். ஆகவே பேச்சு அடைபடாதிருப்பதே பாதுகாப்பு. எழுதியவன் தண்டிக்கப்படுவதைக் காணும் பிற மாணவர் தம் தாள்களை மறைத்து வைப்பர். மறைத்த தாளைப் படிக்க எவரும் இல்லை.

ஆகவே பெற்றோரும் ஆசிரியருமாகிய நம் கையில் அத்தகைய தாள் ஒன்று வருமாயின், முதலில் அதை முழுவதும் படிப்போம். பின்னர் எழுதியவனை அருகில் அமர்த்தி, இதில் பேசுபவன் யார் என்று கேட்போம். அவன் சொல்லும் விடை அச்சம் தருமானால், தயங்காது மருத்துவரையும் பிறரையும் நாடுவோம். சான் ஹோசே மாணவன் முதலில் கேட்டது கவிதை மன்றம் உண்டா என்பதுதான். தன்னைப் படிக்க ஒருவர் வேண்டும் என்ற அவ்வேட்கையை நம் பிள்ளைகள் நம்மிடம் கொண்டுவரும்போது, நாம் அவர்களுக்கு என்ன விடை தரப்போகிறோம்?