பேசவைத்த இரு அறைகள்

பாட் பார்க்கர் அம்மையார் 1991இல் வெளியிட்ட ‘ரீஜெனரேஷன்’ என்னும் ஆங்கிலப் புதினம், முதல் உலகப்போரில் உள்ளம் சிதைந்த வீரரைப் பற்றியது. அதன் நடுநாயகரான டாக்டர் ரிவர்ஸ் வரலாற்று மாந்தர். நீலகிரித் தோடரைப் பற்றி 1906இல் பெருநூல் எழுதியவர். 1917இல் எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், இராணுவ அதிகாரிகளின் கனவுகளையும் அச்சங்களையும் செவிமடுத்தே அவர் குணமாக்க முயன்றார்.

இவ்வறைக்கு எதிரே வேறோர் அறையைத் திறந்து காட்டுவதே இப்புதினத்தின் வன்மை. இலண்டனில் டாக்டர் யெல்லண்ட், பேச்சிழந்த காலன் என்னும் சிப்பாயை அறையில் பூட்டி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைக்கிறார். பேச்சு திரும்பியபின் அவனுடைய புன்னகை மருத்துவருக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் மின்சாரமே மருந்தாகிறது. இது வெறும் கற்பனையன்று. யெல்லண்ட் 1918இல் தாமே எழுதிய நூலில் இம்முறையை விவரித்துள்ளார்.

காயம் ஒன்று, மருத்துவமோ பதவிக்கேற்ப இரண்டு. காரணமும் நூலிலேயே உண்டு. அதிகாரிகளின் மனவாழ்வு சிப்பாய்களுடையதைவிடச் சிக்கலானது என்னும் கருத்தை ரிவர்ஸே எடுத்துரைக்க, உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்து அதிகாரியான பிரையர் அதை எள்ளுகிறான். எளியவனின் உள்ளமும் எளியது என்னும் இத்துணிபே மின்சார அறைக்கு வழிவிட்டது என்போம். லிவர்ப்பூலை அடுத்த மகல் மருத்துவமனையில் ரிவர்ஸ் முன்னர்ச் சிப்பாய்களுக்கே மருத்துவம் செய்தவர். அவ்வனுபவம் இங்கு விரிவு பெறாதது குறையே.

தாமும் யெல்லண்டைப் போல வீரரின் எதிர்ப்பை அடக்குபவரே என ரிவர்ஸ் இறுதியில் உணர்கிறார். நேர்மையான தன்னாய்வுதான், எனினும் அது இரு அறைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை மறைத்துவிடுகிறது. போரை எதிர்த்த கவிஞர் சசூனின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. நண்பர் கிரேவ்ஸின் முயற்சியால் இராணுவ விசாரணையும் தவிர்ந்தது. காலனுக்குப் பரிந்து பேசுவார் இல்லை. புதினத்திலும் அவன் சிறிது நேரமே தோன்றி மறைகிறான்.

தேவாலயக் கண்ணாடிச் சித்திரத்தில் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முனைவதைக் கண்ட ரிவர்ஸ், சுதந்தரவாளிகள் மடிவதை எண்ணி வருந்துகிறார். எச்சுதந்தரமும் வாக்களிக்கப்படாத காலனும் அதே பீடத்தில் கிடத்தப்பட்டவனே. போரிலிருந்து திரும்புவோரைப் பராமரிக்கும் எவரும் இப்புதினத்தை வாசிக்கட்டும்; தம் செவி பேசத் தெரிந்தவனுக்கு மட்டுமா என்று வினவிக்கொள்ளட்டும்.